மான்மயிர்த் தவளையும் பெரியும்மா வீட்டுச் சவரக்கத்தியும்

என் தம்பி பிறந்த ஆறாம் நாள், கற்பிட்டியில் எங்கள் வீட்டில் எல்லோரும் அந்தக் குழந்தையின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், என் மாமா ஒரு தூண்டில் முள்ளுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். இதைச் சொல்லத் தொடங்கினாலே என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிக்கலாம். அந்தக் கத்தி அடுத்த நாள் யாருடைய தலையில் வைக்கப்பட இருந்தது என்பது அவர்களுக்கு வெறும் கதை.

மாமா என்றால் உம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில் சாப்பிட்டு, எங்கள் வீட்டில் படுத்து, ஊரிலுள்ள ஒவ்வொரு வேலையையும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு விட்டவர். உப்பளத்துக்குப் போனார், கால் புண்ணாகிறது என்று திரும்பி வந்தார். வீட்டுக்குப் பின்னால் வாப்பா கருவாடு காயவைக்கும் கொட்டிலான வாடியில் இருந்தார். நாற்றம் தாங்கவில்லை என்று எழுந்து வந்தார். கடைசியில் உப்பளங்களை மேற்பார்க்க வந்திருந்த வெள்ளைக்காரத் துரைக்குத் தோணி வலிக்கும் வேலை அகப்பட்டது. "இதையும் விட்டீங்கன்டா இந்த வாசல மிதிக்க வேணாம் மச்சான்" என்று வாப்பா சொல்லிவிட்டார். வாப்பா அதிகம் பேசாதவர். அதனால் அவர் சொன்னால் சொன்னதுதான்.

துரைக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு களப்பில், அந்தக் கடலோர உப்பங்கழியில், கொடுவா மீன் பிடிப்பது. இறாலை இரையாகக் குத்திப் பிடித்தால் அவருக்குக் கௌரவக் குறைச்சலோ என்னவோ, முள்ளில் மான்மயிரை நெருக்கிக் கட்டி, அதைத் தவளை போலச் செதுக்கிய ஒன்றைத்தான் வீசுவார். அது தண்ணீர்மேல் மிதக்கும். நூலைச் சுண்டினால் தத்தும். கொடுவா அதை நிஜத் தவளை என்று எண்ணி வந்து கவ்வும். எங்கள் ஊர் மீன்காரர்கள் கரையில் நின்று இதைப் பார்த்து, வயிறு நிறைந்தவர்களுக்கு மீனை ஏமாற்றுவதும் ஒரு தொழில் என்று சிரிப்பார்கள்.

அந்தத் தவளைகள் சீமையிலிருந்து தபாலில் வந்தவை. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் கப்பல்கள் ஒழுங்காக வராமல் போனதும் தவளைகளும் வரவில்லை. துரையிடம் மிஞ்சியிருந்த கடைசித் தவளை, மாமா தோணியைத் தவறாகத் திருப்பியதில், கண்டல் மரத்து வேரில் மாட்டி அறுந்து போனது. துரையின் முகம் சிவந்ததைப் பார்த்த மாமா, யோசிக்காமல், "நான் ஒண்டு செஞ்சு தாரன் துரை, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் தோணியின் பின்முனையில் இருந்து பார்த்தது மட்டுமே. துரை ஒரு முள்ளைக் கொடுத்து, பங்களாச் சுவரில் காயப் போட்டிருந்த மான்தோலில் ஒரு துண்டை வெட்டிக்கொள்ளச் சொன்னார். கொழும்பிலிருந்து நண்பர் ஒருவர் வருகிறார், நாளைக் காலை தவளை வேண்டும், இல்லாவிட்டால் வேறு தோணிக்காரன் பார்க்கிறேன் என்றாராம். மயிர் செதுக்கத் துரையிடம் வளைந்த சின்னக் கத்தரியும், முகம் வழிக்கும் மெல்லிய பிளேடுத் தகடுகளும் இருந்தன. அவையும் கப்பலில் வருபவை என்பதால் அவற்றை மாமாவின் கையில் கொடுக்க மனமில்லை.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் பின்னால் உம்மாவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தன. இரண்டும் நாற்பதாம் நாளைக் காணவில்லை. ஏழாம் நாள் முடி இறக்கிய பிறகுதான் இரண்டுக்கும் காய்ச்சல் வந்தது. ஊரார் தண்ணீரைச் சொன்னார்கள், காற்றைச் சொன்னார்கள், கண்ணூறு என்றார்கள். உம்மா ஒன்றையே பிடித்துக்கொண்டார்: ஊரெல்லாம் சிரைத்த கத்தி என் பிள்ளைகளின் தலையில் பட்டது. புத்தளத்தில் இருந்த பெரியும்மா வீட்டில் ஒரு சவரக்கத்தி இருந்தது. அது அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளின் முதல் முடியைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. பெரியும்மாவின் பிள்ளைகள் அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள். உம்மாவுக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. இந்தப் பிள்ளைக்கு அந்தக் கத்திதான் என்று பிரசவத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். முடி இறக்கும் ஒஸ்தாவுக்கும் ஆள் போயிற்று: நீங்கள் வந்தால் போதும், உங்கள் கத்தி வேண்டாம்.

அந்தக் கத்தியைப் புத்தளத்திலிருந்து தோணியில் கொண்டுவந்தவர் மாமாதான். பச்சைப் பட்டுத் துணியில் சுற்றியிருந்ததை உம்மாவின் கையில் கொடுத்தார். உம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அலுமாரியின் மேல்தட்டில் வைக்கச் சொன்னார். வைத்தவரும் மாமாதான்.

ஆறாம் நாள் பகல், முடி இறக்கும் விருந்துக்கு வாப்பா ஆடு பார்க்கப் போயிருந்தார். உம்மாவும் தம்பியும் அறைக்குள் இருந்தார்கள். மாமா என்னை வாடிக்குள் கூப்பிட்டார்.

"மகள், கொஞ்சம் இந்த நூலப் புடிங்க. இழுத்துப் புடிக்கணும், விட்றப்படா."

அவர் மான்தோலிலிருந்து ஒரு சிட்டிகை மயிரை வெட்டி எடுத்து, முள்ளின் தண்டில் வைத்து, மெழுகு பூசிய நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார். இறுக்கியதும் மயிர் நாலா பக்கமும் சிலிர்த்து நின்றது. அதைப் பெருவிரல் நகத்தால் பின்னுக்குத் தள்ளி நெருக்கிவிட்டு அடுத்த சிட்டிகை. முள் நிறைந்தபோது அது ஒரு முள்ளம்பன்றிக் குட்டியாக இருந்தது. மாமாவுக்கே பெருமை தாங்கவில்லை. கஷ்டம் இனிமேல்தான் இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

உம்மாவின் துணி வெட்டும் கத்தரிக்கோலை முதலில் எடுத்தார். மான்மயிர் உள்ளே வெறும் கூடு. கத்தரியின் வாய் மூடுவதற்குள் அது வழுக்கி முன்னால் ஓடியது. வெட்டுப்பட்ட இடமெல்லாம் படிப்படியாக நின்றது. கத்தரியின் நுனி நீளம் என்பதால் கட்டிய நூலையும் ஓரிடத்தில் கடித்துவிட்டது. அந்தப் பக்கத்தை மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. பிறகு குசினியிலிருந்து மீன் வெட்டும் கத்தி வந்தது. அது மயிரைச் சாய்த்ததே தவிர வெட்டவில்லை. பாக்குவெட்டியையும் விட்டுவைக்கவில்லை. அது நசுக்கியது.

"மேல் பக்கம் எப்படி இருந்தாலும் பரவாயில்ல மகள். வயிறு தட்டையா இரிக்கணும். வயித்தில மயிர் மிஞ்சினா மீன்ட வாயில முள் ஏறாது. துரை மொதல்ல அதத்தான் பாப்பார்" என்றார். நெற்றியில் வியர்வை வழிந்தது. எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிப்பவர் அன்று சிரிக்கவே இல்லை.

எழுந்து வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது அவருடைய சாரன் மடிப்பில் பச்சைப் பட்டு தெரிந்தது.

"மாமா, அது தம்பிட!"

"தெரியும். ரெண்டே இழுப்பு. கழுவித் தொடைச்சு வெச்சிடுவன். வாய் தொறக்கப்படா."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் கொஞ்ச நேரத்தில் மூடியிருப்பேன். அந்தக் கத்தி மயிரில் இறங்கிய விதம் அப்படி. மாமா முள்ளைத் தலைகீழாகப் பிடித்து, வயிற்றுப் பக்கம் கத்தியைப் படுக்கவைத்து இழுத்தார். சத்தமே இல்லாமல் மயிர் உதிர்ந்தது. வெட்டிய இடம் வெல்வெட்டுத் துணிபோலச் சமமாக நின்றது. திருப்பினார், முதுகை வளைத்துச் செதுக்கினார், தலையைக் குறுக்கினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள்ளம்பன்றிக்குள்ளிருந்து ஒரு தவளை வந்து என் முன்னால் குந்தியது. எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. தம்பியை நான் அப்போது முழுக்க மறந்துவிட்டேன்.

வயிற்றில் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம் என்று மாமா மறுபடி திருப்பினார். கத்தி மயிரைத் தாண்டி முள்ளின் தண்டில் பட்டது. கிண் என்று ஒரு சின்னச் சத்தம்.

மாமா கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். கூர்வாயின் நடுவில் ஒரு பொடிப் பல் உடைந்திருந்தது. சாரனில் துடைத்தார், இடுப்புத் தோல்வாரில் தீட்டினார், மறுபடி பிடித்துப் பார்த்தார். அது அங்கேயே இருந்தது. மாமாவின் முகம் அப்படி வெளுத்து நான் அதற்கு முன் கண்டதில்லை. கத்தியைத் தண்ணீர் ஊற்றி ஒரு முறை கழுவினார். பட்டில் சுற்றினார். அலுமாரியில் கொண்டுபோய் வைத்தார். தவளையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

எனக்குப் பயம் ஒன்றல்ல, இரண்டு. அந்த மானைத் துரை பொம்பரிப்புக் காட்டில் சுட்டு விழுத்தியிருந்தார். அறுப்பதற்குள் அது செத்துவிட்டதால் கொடுத்த இறைச்சியைக்கூட எங்கள் வீட்டில் வாங்கவில்லை. அறுபடாமல் செத்தது நஜீஸ், அசுத்தம், பட்டால் கழுவ வேண்டும் என்று ஓதப்பள்ளியில் லெப்பை சொல்லித் தந்திருந்தார். நாய்க்குரிய சட்டத்தை நான் மானுக்கும் சேர்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்: ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண்ணால். மாமா ஒரே ஒரு முறைதான் கழுவினார், அதுவும் அவசரமாக. அந்த அசுத்தமும் அந்த உடைந்த பல்லும் நாளைக்குத் தம்பியின் உச்சந்தலையில். அங்கே எலும்புகூட இன்னும் மூடவில்லை, துடிப்பது வெளியே தெரியும். உம்மா என் விரலைப் பிடித்து அதைத் தொட்டுக் காட்டியிருந்தார்.

சொன்னால் மாமா வாசலுக்கு வெளியே. சொல்லாவிட்டால் தம்பி. இரண்டு முறை அறை வாசல்வரை போனேன். உம்மா திரும்பிப் பார்த்து, "என்ன மகள்?" என்று கேட்டபோது, தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வந்ததாகச் சொன்னேன். அன்றிரவு தம்பி இருமியபோதெல்லாம் நான் எழுந்து உட்கார்ந்தேன்.

காலையில் பாய் விரித்தாயிற்று. வாப்பா தம்பியை மடியில் ஏந்தி உட்கார்ந்தார். லெப்பை ஓதி முடித்தார். உம்மா அறைத் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தார். அவருடைய கால் விரல்கள் மட்டும் கீழே தெரிந்தன. மாமா தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றார். நான் பாயின் ஓரத்தில், எல்லோரையும்விடக் கிட்டத்தில் இருந்தேன். ஒஸ்தா மெலிந்த மனிதர், அவசரப்படாதவர். மடியில் வெள்ளைத் துணி விரித்து, தம்பியின் தலையை நனைத்து, பட்டுத் துணியை மெதுவாகப் பிரித்தார். கத்தியை எல்லோரும் காணத் தூக்கிப் பிடித்தார். வெள்ளை எலும்புப் பிடி போட்ட கத்தி. பிஸ்மில்லாஹ் என்றார்.

"வேணாம்! அந்தக் கத்தி வேணாம்! மாமா அதால மான் மயிர் வெட்டினவர்! அது பல்லுப் போன கத்தி!"

கத்தியது நான்தான் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. வீடு அப்படியே நின்றுவிட்டது. திரைக்குப் பின்னாலிருந்து, "என்னவாம்?" என்று உம்மாவின் குரல் வந்தது.

"என்ன மச்சான் இது?" என்று வாப்பா மாமாவைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்டும் தெரியா மச்சான்" என்றார் மாமா.

என்னை நூல் பிடிக்க வைத்த அதே மாமா. வாழ்க்கையில் நான் முதன்முதலாக ஒரு மனிதரை முழு மனதோடு வெறுத்தது அந்த நிமிஷத்தில்தான்.

வாப்பா கையை நீட்டி, "காட்டுங்க பாப்பம்" என்றார். ஒஸ்தா கத்தியைக் கொடுக்கவில்லை. தன் பெருவிரலைக் கத்தியின் வாயில் வைத்து, அடியிலிருந்து நுனிவரை மெல்ல ஓட்டினார். நடுவில் விரல் ஒரு கணம் நின்றது. நான் அதைக் கண்ணால் கண்டேன். பிறகு விரல் மறுபடி நகர்ந்தது.

"நல்ல கூர் முதலாளி. ஒரு குறையும் இல்ல. புள்ள கனவு கண்டிரிக்கிது" என்றார்.

வாப்பாவின் அடி என் கன்னத்தில் விழுந்தது. அவர் என்னை அதற்கு முன்பும் அடித்ததில்லை, பிறகும் அடித்ததில்லை. மாமா வந்து என் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். நான் அவர் கையைக் கடித்தேன். அவர் விடவில்லை, சத்தமும் போடவில்லை.

ஒஸ்தா கத்தியைத் துடைப்பதுபோல மடித்துணிக்குக் கீழே கொண்டுபோனார். கை மேலே வந்தபோது பிடியை உள்ளங்கைக்குள் மூடியிருந்தார். ஆனால் விரலிடுக்கில் எனக்கு அது தெரிந்தது. கறுப்புக் கொம்புப் பிடி. அது அவருடைய சொந்தக் கத்தி, கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியனுப்பிய கத்தி. அதாலேயே தம்பியின் முடியை இறக்கினார். ஒரு துளி இரத்தம் வரவில்லை. முடித்ததும் வெள்ளைப் பிடிக் கத்தியைப் பட்டில் சுற்றி, எல்லோருக்கும் முன்னால் வாப்பாவிடம் கொடுத்தார். ஒரு பொய் சொன்ன மாமா, இன்னொரு பொய் சொன்ன ஒஸ்தா, உண்மை சொன்ன எனக்கு அடி.

முந்தின நாள் தவளையோடு வெளியே போன மாமா, துரையின் பங்களாவுக்குப் போவதற்கு முன் நேராக ஒஸ்தாவின் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார். எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறார். உங்கள் கத்தியை நன்றாகக் காய்ச்சித் தீட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வாருங்கள், ராத்தாவுக்கு, அதாவது என் உம்மாவுக்கு, மட்டும் தெரியக் கூடாது என்று கெஞ்சியிருக்கிறார். நான் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகுதான் இதை என்னிடம் சொன்னார். ஆகவே தம்பியைக் காப்பாற்ற நான் போட்ட கூச்சலால் ஆனது ஒன்றுமில்லை. ஏற்கெனவே கட்டி முடித்திருந்த ஒரு காரியத்தை அவிழ்க்கத்தான் பார்த்திருக்கிறேன். துரையின் தவளையோ நன்றாகவே தத்தியதாம். ஒரு பெரிய கொடுவா அதைக் கவ்வி, நூலை அறுத்துக்கொண்டு தவளையோடு போய்விட்டது. துரை மகிழ்ந்துபோய் இன்னும் நான்கு செய்து தரச் சொன்னார். மாமாவுக்கு அன்றைக்கே காய்ச்சல் வந்துவிட்டது. கடைசியில் துரையே மனமிரங்கித் தன் சவரத் தகடுகளில் ஒன்றைக் கொடுத்தார், வேலையும் நிலைத்தது. தம்பி நாற்பதாம் நாளைத் தாண்டினான். இப்போது அவனுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், இறக்குவதற்குத்தான் தலையில் முடியில்லை.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது முடி இறக்கிய அன்று பின்னேரம் நடந்தது. வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். உம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டார். தம்பி சந்தனம் பூசிய தலையோடு தூங்கிக்கொண்டிருந்தான். உம்மாவின் கண்கள் உள்ளே போயிருந்தன. பிள்ளை பிறந்ததிலிருந்து அவர் கண்ணை மூடி நான் காணவில்லை.

என் கன்னத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு, "நீங்க கிட்டதானே இரிந்தீங்க மகள். ஒஸ்தா எந்தக் கத்தியால முடி எறக்கினார்?" என்று கேட்டார்.

வெளியே வாப்பா கதிரையில் உட்கார்ந்திருந்தார், அவருடைய இருமல் கேட்டது. உண்மை சொல்லி வாங்கியது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இன்னொரு அடிக்கு எனக்குத் தெம்பில்லை.

"பெரியும்மா வீட்டுக் கத்தியால" என்றேன்.

"வெள்ளப் பிடி?"

"ஓம் உம்மா. வெள்ளப் பிடி."

உம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பியின் தலையில் கையை வைத்தபடி சாய்ந்து படுத்தார். "செரி மகள். கதவச் சாத்திட்டுப் போங்க" என்றார். அந்தத் தூக்கத்திலிருந்து அவர் பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொன்னபோதுதான் எழுந்தார்.

எங்கள் வீட்டில் ஒரு துண்டு கருப்பட்டி காணாமல் போனாலும் உம்மா என்னை இலேசில் விடமாட்டார். குர்ஆனைக் காட்டி, அல்லாஹ்மேல் ஆணையாகச் சொல்லுங்கள் என்று சத்தியம் வாங்கிய பிறகுதான் நம்புவார். அன்றைக்குக் குர்ஆன் தலைமாட்டு மாடத்திலேயே இருந்தது. உம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நல்ல காலம், மறந்துவிட்டார் என்று அந்த வயதில் எண்ணிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு நான் விளையாட ஓடினேன்.